அம்மாவின் ரொட்டிக் கணக்கு

இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர் அம்மா. சீனி வருத்தம் (நீரிழிவு) வந்த பிறகும், மூன்று கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் இல்லாமல் விடியாது. முதலில் முழுக்கக் குரக்கன் (கேழ்வரகு) மாவுக்கு மாறினேன். ரொட்டி வெடித்து உதிர்ந்தது. "மண்ணத் திங்கச் சொல்றியா?" என்றார். சீனியும் இறங்கவில்லை, குரக்கனிலும் மாச்சத்து ஏறக்குறைய அதே அளவுதானே!

அப்புறம் பாதிக்குப் பாதி கலந்து, சுடுதண்ணீரில் பிசைந்து, ஒன்றரை ரொட்டியோடு நிறுத்தினேன். மிச்ச வயிற்றுக்கு வல்லாரைச் சம்பல், அவித்த கடலை. மாத்திரை போடுபவர் என்பதால் கிளினிக்கில் கேட்டுக்கொண்டுதான் குறைத்தேன். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 240 காட்டிய, இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷின், இப்போது 170 காட்டுகிறது.

70க்குக் கீழே இறங்கினால் கொடுக்க ஒரு சீனிப் போத்தல் வைத்திருக்கிறேன். அது ஏன் அடிக்கடி குறைகிறது என்பதுதான் தெரியவில்லை.