தசை நோயுள்ள பிள்ளையைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகுமுன்

என் தம்பிக்கு டுச்சென் தசைச் சிதைவு நோய். ஹட்டனுக்கு மேலே, எங்கள் லயத்துக்கு இறங்கும் படிக்கட்டில் சக்கர நாற்காலியோடு சரிந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். எல்லோரும் எலும்பைப் பற்றியே பேசினார்கள். எனக்கு மூச்சைப் பற்றித்தான் பயம்; இந்த நோய் மூச்சுத் தசையையும் பலவீனமாக்கும்.

கிளினிக் கொப்பியின் அட்டையிலேயே சிவப்பு மையால் எழுதுங்கள்: "டுச்சென். சக்சினைல்கோலின் கூடாது. முகர்ந்து மயங்கும் வாயு மருந்தும் வேண்டாம்." முதலாவது, மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தப் போடும் ஊசி மருந்து; அது தசையிலுள்ள பொட்டாசியத்தை இரத்தத்தில் கொட்டி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். நாளத்தில் ஏற்றும் மருந்தாலேயே முழு மயக்கமும் கொடுக்கலாம். நாலாம் பக்கத்தில் எழுதினால் யார் புரட்டப்போகிறார்கள்? மற்றத் தசை நோய்களுக்கு விதி வேறாக இருக்கலாம். "தசை வருத்தம்" என்று பொதுவாகச் சொல்லாமல் நோயின் பெயரையே கேட்டு எழுதுங்கள்.

இதய ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து குடிக்கும் பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள். மூச்சுக் கொள்ளளவு (முழுதாக இழுத்து ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு), இருக்க வேண்டியதில் 50 சதவீதத்துக்குக் கீழ் என்றால் ஆபத்து கூடும். 30க்குக் கீழ் என்றால் மிக அதிகம்.

இருமலையும் அளக்கலாம். ஆஸ்துமாக்காரர் ஊதும் பீக் ஃப்ளோ மீட்டருக்குள் தம்பியை இருமச் சொன்னோம். முள் 190இல் நின்றது. நிமிடத்துக்கு 270 லீற்றருக்குக் குறைந்தால் சளியை வெளியேற்ற உதவி தேவை. பிசியோதெரபிஸ்டிடம் முன்கூட்டியே பழகுங்கள்: கையால் அமுக்கிக் காற்றை ஏற்றும் அம்பு (Ambu) பையால் இரண்டு மூன்று மூச்சை அடுக்கி ஏற்றி, பிடித்துவைக்கச் சொல்லி, இருமும் நொடியில் விலாவுக்குக் கீழே உள்ளங்கையால் உள்ளும் மேலுமாகத் தள்ள வேண்டும். சாப்பிட்ட கையோடு செய்யாதீர்கள். என் அம்மா கொழுந்து பறிக்கும் கைக்காரி. இரண்டே நாளில் என்னைவிட நன்றாகச் செய்தார்.

சத்திரசிகிச்சை முடிந்த இரவு, வலிக்கு மருந்து கொடுத்து, மூக்கில் ஒட்சிசன் குழாயை வைத்திருந்தார்கள். இரத்தத்தின் ஒட்சிசனை அளக்க விரலில் மாட்டும் கருவி 98 சதவீதம் காட்டியது. தாதி திருப்தியாகப் போய்விட்டார். ஆனால் தம்பியின் நெற்றி வியர்த்திருந்தது, கூப்பிட்டால் "ம்" மட்டும்தான். மூச்சு ஆழமில்லாதபோது காபனீரொட்சைட்டு உள்ளேயே தேங்கும்; ஒட்சிசனைக் கூட்டினால் விரல் கருவி அழகாகக் காட்டிக்கொண்டே இருக்கும். இரத்த வாயுவைச் சோதிக்கச் சொல்லிப் பிடிவாதமாக நின்றேன். வைத்தியர் அவனுடைய பைப்பாப் கருவியின், அதாவது காற்றைத் தள்ளி மூச்சுக்கு உதவும் கருவியின், முகமூடியை மாட்டினார். சற்று நேரத்தில் கண்ணைத் திறந்து பிளேன்டி கேட்டான்.

அந்தக் கருவியையும் முகமூடியையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கூடவே ஒரு பிளக் மாற்றியும். எங்களுடையது சதுர முள், வார்ட்டுச் சுவரில் இருந்ததோ உருண்டைத் துளை.