பென்ஸையும் பிஎம்டபிள்யூவையும் விட்டு வால்வோவோ லெக்ஸஸோ வாங்குவதற்கு முன்

வால்வோ வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் முதல் கேள்வியே "அது பஸ் கம்பெனி ஆச்சே?" என்றுதான் வரும். பஸ்ஸும் காரும் 1999-லேயே பிரிந்துவிட்டன. கார் பிரிவை ஃபோர்டு வாங்கி, 2010-ல் சீனாவின் ஜீலியிடம் விற்றது. லெக்ஸஸ் டொயோட்டாவின் சொகுசுப் பிராண்ட், அதனால் "டொயோட்டாவுக்கா இவ்வளவு காசு?" என்பார்கள். இந்தப் பேச்சு உங்களை உறுத்தும் என்றால் பேசாமல் பென்ஸே வாங்கிவிடுங்கள், அதில் தப்பே இல்லை. 2023-ல் மெர்சிடிஸ் இந்தியாவில் 17,408 வண்டி விற்றது, வால்வோ 2,400 சொச்சம்தான். சர்வீஸ், ஸ்பேர், ரீசேல் என்று பின்னால் வரப்போகும் எல்லாத் தலைவலிக்கும் இந்தக் குறைந்த எண்ணிக்கைதான் காரணம்.

அதனால் முதலில் உங்களுக்கு எதற்கு இந்த வண்டி என்று தெளிவாக இருங்கள். "ரோட்டில் நிறைய இல்லை, அதனால் பிடிக்கும்" என்பது கொஞ்ச நாளில் தீர்ந்துபோகும் ஆசை. வால்வோவில் நிலைக்கும் காரணம் இரண்டு: சென்னையிலிருந்து மதுரை வரை ஓட்டி இறங்கினாலும் இடுப்பு வலிக்காத சீட், அப்புறம் பாதுகாப்பு. இன்று எல்லாக் காரிலும் இருக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-ல் கொண்டுவந்து, காப்புரிமையை மற்ற கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டது வால்வோதான். புதிய வால்வோ எதுவும் 180 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது, கம்பெனியே கட்டுப்படுத்தி அனுப்புகிறது. அது குறையாகப் பட்டால் இந்த வண்டி உங்களுக்கானது இல்லை. லெக்ஸஸ் ஈஎஸ் 300எச் நகர நெரிசலுக்கு ஏற்றது, ஊர்ந்து போகும்போது பெரும்பாலும் பேட்டரியிலேயே சத்தமில்லாமல் நகரும். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் அதன் 2.5 லிட்டர் ஹைபிரிட் அமைப்பு டொயோட்டா கேம்ரி காருடையதோடு நெருங்கிய சொந்தம், அந்த வகையில் நம்பலாம். ஆனால் ஓவர்டேக் செய்ய ஓங்கி மிதித்தால் இன்ஜின் ஒரே சுருதியில் கத்தும், எனக்கு அது பிடிக்கவில்லை. மலைப்பாதை வளைவுகளை ரசித்து ஓட்டுபவர் பிஎம்டபிள்யூ 3 சீரிஸையே வாங்கட்டும்.

டெஸ்ட் டிரைவில் ஷோரூம்காரர் வழக்கமான நல்ல ரோட்டில் ஒரு சுற்று கூட்டிப்போவார். சரி என்று தலையாட்டாமல் உங்கள் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் ஸ்பீடு பிரேக்கரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றுங்கள், வீட்டுப் பெரியவர்களைப் பின்சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஈஎஸ் தாழ்வான வண்டி, முட்டிவலிக்காரர்களுக்கு எழுந்திருப்பது சிரமம். வால்வோவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏ.சி. குளிரைக் கூட்டிப்பாருங்கள்; பட்டன் கிடையாது, திரையைத் தொட வேண்டும்.

அப்புறம் சேல்ஸ் ஆளை விட்டுவிட்டு சர்வீஸ் சென்டருக்கு நேரே போய், முன் கண்ணாடி உடைந்தால் என்ன விலை, ஸ்டாக் இருக்கிறதா, எத்தனை நாள் என்று கேளுங்கள். கண்ணாடியின் பின்னால் கேமரா இருப்பதால் மாற்றிய பிறகு அதைச் சரிபார்த்து அமைக்க வேண்டும், எல்லாக் கடையிலும் நடக்கிற வேலை இல்லை. முன் பம்பர், டயர் பற்றியும் இதே கேள்வி. உங்கள் ஊரிலிருந்து அந்த சென்டர் 150 கிலோமீட்டருக்கு மேல் என்றால் நான் வாங்க மாட்டேன்.

பண விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 60 லட்சம் வண்டி என்றால் 12 லட்சம் வரிக்கே போய்விடும், விற்கும்போது அதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. ரீசேல் வேறு பென்ஸ் அளவுக்கு வராது. ஆகவே மூன்று வருடத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றும் பழக்கம் இருந்தால் புதிதாக வாங்காதீர்கள். பத்து வருடம் வைத்து ஓட்டுபவருக்கு ரீசேல் பெரிய விஷயமில்லை. மூன்று, நான்கு வருடம் ஓடிய வண்டியாகத் தேடினால் முதல் ஓனரின் நஷ்டம் உங்களுக்குத் தள்ளுபடி.

ஆனால் செகண்ட் ஹேண்டில் கவனம் வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) உள்ள வால்வோ எக்ஸ்சி90 என்றால் ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போய்ப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் காற்று கசிகிறது, பெரிய செலவு. லெக்ஸஸ் என்றால் கம்பெனி சர்வீஸிலேயே பேட்டரியைச் சோதித்து அறிக்கை வாங்குங்கள். ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி, அதில் மிச்சம் எவ்வளவு, உங்கள் பெயருக்கு மாறுமா என்று கேளுங்கள். சென்னை வண்டியென்றால் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள், கடைசி ஓரத்தில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும் பாருங்கள்.

இன்சூரன்ஸில் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்போடு இன்ஜின் பாதுகாப்பையும் சேருங்கள், கேஷ்லெஸ் பட்டியலில் உங்கள் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. புது வண்டியென்றால் டிசம்பரில் பேரம் பேசுவது நல்லது. விலையைக் குறைக்க முடியாது என்று சொன்னால் கூடுதல் வாரண்டியை இலவசமாகக் கேளுங்கள், தருகிறோம் என்று வாயால் சொன்னதை புக்கிங் பாரத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.