சிகாகோ கோடை: வானிலை முன்னறிவிப்பை நீங்களே படிப்பது எப்படி?

ஜூன் நெருங்கினால் சிகாகோ, நேப்பர்வில், அரோரா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு கேள்விகள் கிளம்பிவிடும். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு இந்த வருஷம் வெயில் எப்படி இருக்கும்? சனிக்கிழமை பார்க்கில் வைத்திருக்கும் பிறந்தநாள் விழா மழையில் மாட்டுமா? போனில் இருக்கும் ஆப் ஒரு சூரியன் படத்தையும் ஓர் எண்ணையும் காட்டிவிட்டு நின்றுவிடும். இரண்டு கேள்விக்கும் அது போதாது. அரசாங்க வானிலை சேவையின் பக்கங்களை நேரடியாகப் படிக்கப் பழகியபின் எனக்கு இந்த ஊர்க் கோடை பிடிபட ஆரம்பித்தது. நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். வெப்ப அளவெல்லாம் ஃபாரன்ஹீட்தான்.

படி 1: உங்கள் வீட்டுக்கான பக்கத்தைத் திறங்கள்

வெதர் டாட் கவ் தளத்தில் ஜிப் கோடு போடுங்கள். வரும் பக்கத்தின் வரைபடத்தில் உங்கள் வீடு இருக்கும் இடத்தைக் கிளிக் செய்யுங்கள். அந்தச் சிறு கட்டத்துக்கான முன்னறிவிப்பு வரும். அதை புக்மார்க் செய்துகொள்ளுங்கள்.

வரைபடத்தைக் கிளிக் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செய்தியில் "சிகாகோவில் இன்று 91" என்று சொன்னால் அது ஓஹேர் விமான நிலையத்தில் அளந்தது. 1980இலிருந்து ஊரின் அதிகாரபூர்வ அளவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. ஓஹேர் ஏரியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே 91 அடிக்கும் மதியத்தில் ஏரிக்கரையில் 75 இருப்பது ஜூன் மாதத்தில் சாதாரணம்.

படி 2: மணிவாரி வரைபடம்

அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே மணிக்கு மணி வரும் வரைபடத்துக்கு ஒரு சுட்டி இருக்கும். முதன்முதலாகத் திறப்பவர்களுக்கு அதிலுள்ள கோடுகளைப் பார்த்துத் தலை சுற்றும். பெட்டிகளில் இருக்கும் டிக்கை எல்லாம் எடுத்துவிட்டு நான்கை மட்டும் வையுங்கள்: வெப்பநிலை, டியூ பாயின்ட், காற்று, மழை வாய்ப்பு. மற்றதெல்லாம் குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: ஈரப்பதச் சதவீதத்தை விடுங்கள், டியூ பாயின்ட்டைப் பாருங்கள்

ஈரப்பதச் சதவீதம் வெப்பம் மாற மாற ஏறி இறங்கும். காலையில் 62 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பயமாக இருக்கும். வெளியே போனால் சுகமான காற்று. மதியம் 92 டிகிரி, ஈரப்பதம் வெறும் 50 சதவீதம். சட்டை உடம்போடு ஒட்டும். முதலாவதில் டியூ பாயின்ட் 60க்குக் கீழே, இரண்டாவதில் 70க்கு மேலே. காற்றில் உண்மையிலேயே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை இந்த எண்தான் சொல்லும்.

60க்குக் கீழே இருந்தால் ஜன்னலைத் திறந்து வைக்கலாம். 65ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு தொடங்கும். 70க்கு மேல் போனால் சாயங்கால நடையைக் காலைக்கு மாற்றுங்கள். 75 என்றால் சென்னையின் ஒட்டும் நாட்கள்தான். ஜூலையில் இந்த ஊர்ப் பகல் உச்சம் வழக்கமாக 85ஐ ஒட்டியே இருக்கும். அதைக் கேட்டு "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்பவர்கள், 95 டிகிரியும் 75 டியூ பாயின்ட்டும் சேர்ந்து வரும் நாளில் வெளியே நின்று பார்க்கட்டும். அன்று உடம்பு உணரும் வெப்பம் 105ஐத் தாண்டும். அதுவும் நிழலில் இருப்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் இன்னும் 15 டிகிரி வரை கூடலாம்.

இவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறி வருவது. ஜூலை, ஆகஸ்டில் அதோடு நம்மைச் சுற்றியுள்ள மக்காச்சோள வயல்களும் சேர்ந்துகொள்ளும். நன்கு வளர்ந்த ஓர் ஏக்கர் சோளம் ஒரே நாளில் 3,000 முதல் 4,000 காலன் நீரை ஆவியாக விடும் என்பது கணக்கு. இல்லினாயிலும் அயோவாவிலும் எத்தனை லட்சம் ஏக்கர் சோளம் நிற்கிறது என்று யோசித்தால் புரியும்.

பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இரவு வெப்பத்தையும் பாருங்கள். 1995 ஜூலை வெப்ப அலையில் சிகாகோவில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், தனியாக இருந்தவர்கள், ஏசி இல்லாத வீடுகளில் அடைபட்டிருந்தவர்கள். பகல் சூடு மட்டும் அவர்களைக் கொல்லவில்லை. இரவிலும் வெப்பம் தணியாததால் உடம்புக்கு ஓய்வே கிடைக்கவில்லை. ஏசி பழுதானால் தயங்காமல் 311க்கு அழையுங்கள். சிகாகோ நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு அருகிலுள்ள குளிர்ச்சி மையம் எதுவென்று சொல்வார்கள்.

படி 4: காற்று எந்தப் பக்கத்திலிருந்து?

தென்மேற்குக் காற்று என்றால் ஏரிக்கரை வரை எல்லாரும் வேகவேண்டியதுதான். கிழக்கு அல்லது வடகிழக்கு என்றால் மிச்சிகன் ஏரி கை கொடுக்கும். காலையில் காற்றே இல்லாமல் சூடாகத் தொடங்கிய நாளில்கூட, நிலம் சூடேறி மதியத்தில் ஏரிக்காற்று உள்ளே வந்தால் சில நிமிடங்களிலேயே 10, 15 டிகிரி இறங்கும். முன்னறிவிப்பில் "ஏரியருகே குளிர்ச்சி" என்ற பொருளில் ஒரு வரி அடிக்கடி வருவது இதனால்தான். சில நாள் அந்தக் காற்று கரையோடு நின்றுவிடும். சில நாள் ஓஹேரைத் தாண்டி மேற்கே போகும். நேப்பர்வில் வரை வந்து சேரும்போது அதன் குளிர்ச்சியில் பாதி போயிருக்கும்.

ஜூன் தொடக்கத்தில் ஏரி நீர் பெரும்பாலும் 50களில்தான் இருக்கும். ஆகஸ்டில் 70ஐத் தாண்டும். ஜூனில் பீச்சுக்குப் போகும் பிள்ளைகள் காலை வைத்ததும் ஓடி வருவது இந்தக் குளிரால். வில்மெட் கரைக்கு அருகே மிதக்கும் 45174 என்ற எண்ணுள்ள மிதவையின் பக்கத்தில் அன்றைய நீர் வெப்பமும் அலை உயரமும் கிடைக்கும். வடக்குக் காற்று பலமாக வீசும் நாளில் அலை உயரத்தைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். கரை அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும். பீச்சில் சிவப்புக் கொடி பறந்தால் பேச்சே இல்லை, தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது.

படி 5: மூன்று மாத அவுட்லுக் வரைபடம்

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் போவோம்.

அரசாங்க வானிலை சேவையின் நீண்டகாலக் கணிப்புப் பிரிவான கிளைமேட் பிரெடிக்‌ஷன் சென்டர் ஒவ்வொரு மாதமும் மூன்றாவது வியாழக்கிழமை அடுத்த மூன்று மாதங்களுக்கான வரைபடத்தை வெளியிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சேர்ந்த வரைபடத்தில் இல்லினாய் மேல் ஆரஞ்சு நிறம், 40 முதல் 50 சதவீதம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். உடனே வாட்ஸ்அப்பில் "இந்த வருஷம் கொளுத்தப் போகிறது" என்று செய்தி பறக்கும். வரைபடம் அப்படிச் சொல்லவே இல்லை.

அவர்கள் செய்வது இதுதான். 1991 முதல் 2020 வரையான 30 கோடைகளைச் சூட்டின் வரிசையில் அடுக்கி மூன்று சம பங்காகப் பிரிப்பார்கள்: குளிர்ந்த பத்து, நடுத்தரமான பத்து, சூடான பத்து. எந்தத் தகவலும் இல்லாவிட்டால் ஒவ்வொரு பங்குக்கும் வாய்ப்பு 33 சதவீதம். இப்போது சூடான பங்குக்கு 40 சதவீதம் என்கிறார்கள். மிச்சத்தில் நடுத்தரத்துக்கு 33, குளிர்ந்ததற்கு 27. அதாவது தராசு சூட்டின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சூடான கோடை *வராமல்* போக இன்னும் 60 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது.

நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வெப்பம் என்று நினைக்கக் கூடாது. அடர்த்தி காட்டுவது அவர்களுடைய நம்பிக்கையின் அளவை. அடர் சிவப்பு இருந்தும் சராசரியைவிட ஒரே ஒரு டிகிரி கூடலாம். அந்தக் கணிப்பு சரியென்றே கணக்கில் வரும்.

வெள்ளையாக விட்டிருக்கும் இடத்தை "வழக்கமான கோடை" என்று படிப்பது அடுத்த சறுக்கல். வெள்ளை என்றால் மூன்றுக்கும் சம வாய்ப்பு, எந்தப் பக்கமும் சாயக் காரணம் கிடைக்கவில்லை என்று பொருள். வழக்கத்தை ஒட்டி இருக்கும் என்று நினைத்தால் அதற்குச் சாம்பல் நிறம் தனியாக இருக்கிறது.

இன்னொன்று: இது பகல், இரவு எல்லாம் சேர்ந்த மூன்று மாதச் சராசரி. பகல் சாதாரணமாக இருந்து, இரவுகள் மட்டும் புழுக்கமாக இருந்தாலும் கோடை "சூடானது" பட்டியலில் போய்விடும். எந்த வாரம் வெப்ப அலை வரும், எந்த சனிக்கிழமை மழை என்பதெல்லாம் இதில் கிடையவே கிடையாது.

அப்படியானால் எதற்குத்தான் பயன்? அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட இதைப் பார்க்காதீர்கள். வழக்கமான சராசரியே போதும். ஜூனில் பகல் உச்சம் 80ஐ ஒட்டி, ஜூலையில் 85ஐ ஒட்டி, ஆகஸ்டில் நடுவில். பழைய ஏசியை இந்த வருஷமே மாற்றலாமா என்ற யோசனைக்கு மூன்று மாத வரைபடம் கொஞ்சம் உதவும். விருந்தாளி வந்தபின் வாரத் திட்டம் போட, அதே தளத்தின் 6-10 நாள், 8-14 நாள் வரைபடங்களைப் பாருங்கள். அவை தினமும் புதுப்பிக்கப்படுகின்றன. படிக்கும் முறை ஒன்றுதான். ஆப்களில் வரும் பதினைந்தாம் நாள் மழைப் படத்தை நான் பார்ப்பதே இல்லை. நீங்களும் பார்க்க வேண்டாம் என்பேன். ஏழு நாளுக்கு மேல் எந்த மணியில் மழை என்று சொல்ல யாராலும் முடியாது.

படி 6: இடியும் புயலும்

ஓக்லஹோமாவின் நார்மன் ஊரிலிருக்கும் ஸ்டார்ம் பிரெடிக்‌ஷன் சென்டர் தினமும் கடும் இடிப்புயல் ஆபத்தைக் காட்டும் ஐந்து நிலை வரைபடம் தரும். கரும்பச்சை ஒன்று, மஞ்சள் இரண்டு, ஆரஞ்சு மூன்று, சிவப்பு நான்கு, மெஜந்தா ஐந்து. மஞ்சள் வந்தாலே நான் தோட்டத்துக் குடையை மடக்கிவிடுவேன். ஆரஞ்சு என்றால் சாயங்கால நிகழ்ச்சியை வீட்டுக்குள் மாற்றுவது நல்லது.

டொர்னேடோ வாட்ச் வந்தால், அந்தச் சுழல்காற்று உருவாகத் தோதான சூழல் இருக்கிறது, போனைப் பக்கத்தில் வையுங்கள் என்று அர்த்தம். வார்னிங் வந்தால் பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள், உடனே. வெளியே போய் வானத்தைப் பார்க்காதீர்கள்.

போனை இரவில் முழு அமைதியில் போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவசர எச்சரிக்கையை மட்டும் அணைத்துவிடாதீர்கள். 2021 ஜூன் 20 அன்று நேப்பர்வில், உட்ரிட்ஜ், டேரியன் ஊர்களைத் தாக்கிய டொர்னேடோ வந்தது இரவு 11 மணிவாக்கில். இந்தப் பக்கத்துக் கோடைப் புயல்கள் பல, மதியம் அயோவா பக்கம் பிறந்து இருட்டியபின் நம்மிடம் வருபவை. ஆனால் எல்லாமே இரவில் வருவதில்லை: 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவை நாசமாக்கிய புயல்வரிசை அன்று பகலிலேயே சிகாகோவுக்கு வந்து சேர்ந்தது. 2024 ஜூலை 15 இரவில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட டொர்னேடோக்கள்.

ரேடாருக்கு ரேடார்ஸ்கோப் ஆப்பை வாங்கலாம். காசுக்குத் தகுந்த பொருள். ஆனால் தொடங்கும்போது அரசாங்கத் தளத்து ரேடாரே தாராளம்.

படி 7: முன்னறிவிப்பாளர் எழுதும் உரை

ரோமியோவில் (Romeoville) ஊரிலிருக்கும் சிகாகோ வட்டார வானிலை அலுவலகத்தின் முன்னறிவிப்பாளர்கள் நாளுக்குச் சில முறை ஒரு நீண்ட குறிப்பு எழுதுவார்கள். 'ஏரியா ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்' என்று தேடுங்கள். எனக்கு எல்லாக் கருவிகளையும்விட இதுதான் பிடிக்கும். "காலை மேகம் கலையாவிட்டால் 95 எட்டாது" என்பது போன்ற நேர்மையான சந்தேகங்கள் எந்த ஆப்பிலும் வராது. அதில் 12இசட், 18இசட் என்று வருவது கிரீன்விச் நேரம். கோடையில் ஐந்து மணி நேரம் கழியுங்கள்: 12இசட் நமக்குக் காலை 7, 18இசட் மதியம் 1.

சேர்க்கை: புகை

வானம் மேகமில்லாமலே மங்கலாக இருக்கிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கனடாக் காட்டுத்தீயின் புகை. 2023 ஜூன் கடைசியில் உலகப் பெருநகரங்களிலேயே மோசமான காற்று சிகாகோவில் இருந்தது. ஏர்நவ் தளத்தில் காற்றுத் தர எண் 100ஐத் தாண்டினால் ஆஸ்துமாக்காரர்களும் பெரியவர்களும் குழந்தைகளும் வெளியே அதிகம் அலைய வேண்டாம். 150ஐத் தாண்டினால் எல்லாருமே. ஜன்னலைத் திறக்கலாமா என்பதற்கு டியூ பாயின்ட்டோடு இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை: வானிலை ரேடியோ

பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ வாங்கிய ஒரு வாசகர், பக்கத்துத் தெருவுக்கு எச்சரிக்கை வந்தபோதும் தன் ரேடியோ வாயே திறக்கவில்லை என்று எழுதியிருந்தார். வீடு நேப்பர்வில். அந்த ஊர் டுபேஜ், வில் என்று இரண்டு கவுன்டிகளில் பரவியிருக்கிறது; ரேடியோ கவுன்டி எண்ணைப் பார்த்துத்தான் ஒலிக்கும். அவர் ஒன்றை மட்டும் போட்டிருந்தார். டுபேஜுக்கு 017043, வில்லுக்கு 017197, குக்குக்கு 017031. நேப்பர்வில்காரர்கள் முதல் இரண்டையும் போடுங்கள். அரோரா நான்கு கவுன்டிகளில் கிடக்கிறது, அதனால் கேன் 017089, கெண்டல் 017093 இரண்டையும் டுபேஜ், வில்லோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அலைவரிசை 162.550.

மாதத்தின் முதல் செவ்வாய் காலை 10 மணிக்கு ஊர் சைரன் ஒலித்தால் அது சோதனை. ஊரிலிருந்து புதிதாக வந்திருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பாவம், பதறிவிடுவார்கள். அந்த சைரன் வெளியே இருப்பவர்களுக்காக வைத்தது. ஜன்னல் மூடி ஏசி ஓடும் வீட்டுக்குள் கேட்காமலே போகலாம். வீட்டுக்குள் போனையும் ரேடியோவையும் நம்புங்கள்.