பிரீஎக்லாம்ப்சியா பிளாஸ்மாவை ரத்தக்குழாய்ச் செல்கள் மேல் சோதிப்பது எப்படி

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், பிரீஎக்லாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் நோய்) வந்த தாயின் தொப்புள்கொடிக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடந்தேன். தேவையே இல்லை. கொடியில் இருப்பவை குழந்தையின் செல்கள், நோய் தாயுடையது. நலமான பிரசவத்தின் கொடியிலிருந்து ரத்தக்குழாயின் உள்படலச் செல்களை வளர்த்து, நோயுற்ற தாயின் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) அவற்றின் மேல் விட்டுப் பார்த்தால் போதும். கொடிக்கும் பிளாஸ்மாவுக்கும் அந்தந்தத் தாயின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும்.

இந்தச் செல்களைக் கொடியிலிருந்து எடுக்க 1973-இல் ஜாஃபே குழுவினர் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் சிறு மாற்றங்களோடு எல்லோரும் செய்கிறோம். கொடியை 4 டிகிரியில் வையுங்கள், அன்றே செல்களை எடுத்துவிட்டால் நல்லது. கிளாம்ப் நசுக்கிய இடங்களை வெட்டி எறியுங்கள். வெட்டுமுகத்தில் மூன்று துளை தெரியும். வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டும் தமனி. வாய் அகன்று தொளதொளவென்று கிடப்பதுதான் சிரை, நமக்கு வேண்டியது அதுதான். மழுங்கிய ஊசியைச் செருகி நூலால் கட்டி, உப்புக்கரைசலை விட்டு, வெளியே வருவது தெளியும்வரை கழுவுங்கள். பிறகு 0.1 சதவீத கொலாஜினேஸை (செல்களைக் குழாய்ச் சுவரிலிருந்து பிரிக்கும் நொதி) நிரப்பி 37 டிகிரியில் 10 நிமிடம். ஒருமுறை போன் பேசப் போய் 25 நிமிடம் விட்டுவிட்டேன். அடித்திசுவும் சேர்ந்து பெயர்ந்து வந்து, நாலாம் நாள் பிளாஸ்க் முழுக்கக் கதிர்போல நீண்ட நார்ச்செல்கள்.

கொடியை மெல்ல நீவி, சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) கலந்த மீடியத்தால், அதாவது செல் வளர்ப்புக் கரைசலால், செல்களை வெளியேற்றி, 250 ஜி-யில் (புவியீர்ப்பின் 250 மடங்கு விசையில்) 5 நிமிடம் சுழற்றி, ஜெலட்டின் பூசிய பிளாஸ்க்கில் விடுங்கள். மறுநாள் சிவப்பணுக்களைக் கழுவி எடுத்துவிட வேண்டும். சில நாளில் கூழாங்கல் பாவிய தரைபோல ஒட்டி ஒட்டி நின்றால் சரி. நாலாவது பாசேஜுக்கு (செல்களைப் பிரித்துப் புதுப் பிளாஸ்க்குக்கு மாற்றும் சுற்று) மேல் நான் பயன்படுத்துவதில்லை.

சோதனைக்கு முன் நோயின் சூட்சுமம் தெரிய வேண்டும். கருப்பையின் சுருள் தமனிகள் சரியாக அகலாதபோது, நஞ்சுக்கொடி (பிளசென்டா) எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் விடுகிறது. அது வி.இ.ஜி.எஃப் என்ற ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். வி.இ.ஜி.எஃப் வந்து சேராத உள்படலச் செல் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கும், குழாய் இறுகும், செல்களின் இடைவெளியில் கசியும். 20 வாரத்துக்குப் பிறகு வரும் 140/90 அழுத்தத்துக்கும் சிறுநீரில் இறங்கும் புரதத்துக்கும் வேர் இங்கேதான்.

நான் இரண்டு மாதம் தொலைத்ததும் இங்கேதான். கடையில் வாங்கும் வளர்ப்பு மீடியத்தில் வி.இ.ஜி.எஃப் தாராளமாக இருக்கும். நோயாளியின் பிளாஸ்மாவை அதில் கலந்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. முந்தைய இரவே வி.இ.ஜி.எஃப் இல்லாத, 2 சதவீத சீரம் மட்டும் உள்ள மீடியத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சீரத்துக்குப் பதில் பிளாஸ்மா ஏன் என்றால், ரத்தம் உறையும்போது தட்டணுக்களே வி.இ.ஜி.எஃப்-ஐ விட்டுவிடும். ரத்தம் எடுக்க, உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ கலந்த ட்யூப் வேண்டாம். அது கால்சியத்தைப் பிடிப்பதால் செல்களின் பிணைப்பு தளரலாம், கசிவு நோயாலா ட்யூபாலா என்று பிரிக்க முடியாது. சிட்ரேட் (இன்னொரு உறைவுத் தடுப்பான்) ட்யூபில் எடுத்த பிளாஸ்மாவோ மீடியத்தின் கால்சியம் பட்டதும் ஜெல்லியாக உறையும். துளி ஹெபாரின் சேர்த்தால் உறையாது, ஆனால் வளர்ப்புத் தட்டில் நலமான தாயின் பிளாஸ்மா விடும் ஒப்பீட்டுக் குழிகளிலும் அதே அளவு சேர்க்க வேண்டும். ஒப்பீட்டுக்கு எடுக்கும் நலமான தாயும் அதே கர்ப்ப வாரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் எஸ்எஃப்எல்டி-1 கடைசி வாரங்களில் எல்லோருக்குமே ஏறும்.

10 சதவீத பிளாஸ்மாவில் 24 மணி நேரம் வையுங்கள். பிறகு நைட்ரிக் ஆக்சைடு மாறி உண்டாகும் நைட்ரைட்டை, நிறம் காட்டும் கிரீஸ் வினைப்பொருளால் அளக்கலாம். செல் இல்லாத மீடியத்தையும் சேர்த்து அளந்து கழிக்க மறக்காதீர்கள். எனக்குப் பிடித்தது கசிவுச் சோதனை. துளையுள்ள சவ்வில் செல்களை நெருக்கமாக வளர்த்து, மேலே ஒளிரும் டெக்ஸ்ட்ரானை (பெரிய சர்க்கரை மூலக்கூறு) விட்டு, கீழே எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது.

வித்தியாசம் வந்ததும் துள்ளிக்குதிக்காமல், இன்னொரு வரிசைக் குழிகளில் அதே பிளாஸ்மாவோடு வி.இ.ஜி.எஃப்-ஐயும் சேர்த்து ஓட்டுங்கள். கசிவு அளப்பதற்கு இது வேண்டாம், வி.இ.ஜி.எஃப் குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் தன்னாலேயே கசிய வைக்கும். நைட்ரைட் மட்டும் பாருங்கள். அது மீண்டால் எஸ்எஃப்எல்டி-1 மேல் சந்தேகம் வலுக்கும். மீளாவிட்டால் அடுத்து எண்டோக்ளினை (நஞ்சுக்கொடி ரத்தத்தில் விடும் இன்னொரு புரதம்) தேடுங்கள்.