வள்ளி திருமணம் போடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மதுரைப் பக்கம் வங்கி ஊழியர்களோ ஆசிரியர்களோ பழைய மாணவர்களோ ஒன்றுசேர்ந்து நாடகம் போடலாம் என்று பேச்செடுத்தால், வள்ளி திருமணத்தின் பெயர் சீக்கிரமே வந்துவிடும். சங்கரதாஸ் சுவாமிகளின் இசை நாடகங்களில் ஊர்த் திருவிழாக்களில் இன்றும் விரும்பிப் பார்க்கப்படுவது அது. கதை எல்லோருக்கும் தெரியும். பாத்திரங்கள் குறைவு, பெரிய செட்டும் வேண்டாம். இந்த எளிமையை நம்பித்தான் பல குழுக்கள் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகின்றன. கிரீடம், ஜிகினா உடை, படுதா, லைட் என்று பணமெல்லாம் போன பிறகு ஆர்மோனியக்காரரைத் தேடுகிறார்கள். இந்த நாடகத்தைப் பெட்டியிலிருந்துதான், அதாவது ஆர்மோனியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முருகன் வேஷத்துக்கு முகவெட்டு பார்த்து ஆள் எடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பார்க்க வேண்டியது கட்டை, அதாவது குரல் எந்தச் சுருதி உயரத்தில் நிற்கிறது என்பது; எண் கூடக்கூடச் சுருதி உயரும். மேடைப் பழக்கம் இல்லாத ஆண் குரல் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் நிற்கும். பெண் குரல் ஐந்து கட்டை வாக்கில் இருக்கும். தனித்தனியாகப் பாடும்வரை இது தெரியாது. தினைப்புனத்தில் வேடனாக வந்த முருகனும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள். அவர் ஓர் அடி பாடி முடிக்கும்முன் இவர் அடுத்த அடியைப் பிடிக்க வேண்டிய இடம் அது. அவருக்கு ஒரு கட்டை, இவருக்கு ஐந்து கட்டை என்றால் இவருடைய ஷட்ஜம் (ச) அவருக்குப் பஞ்சமம் (ப). அடிக்கு அடி பெட்டிக்காரர் சுருதியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாக்குவாதத்தின் சூடு அங்கேயே ஆறிவிடும். நாயக வேஷம் போடும் தொழில்முறை ராஜபார்ட்காரர்கள் நாலு, ஐந்து கட்டையில் பாடுவது மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்டது. நாயகி வேஷமான ஸ்திரீபார்ட்டோடு ஒரே சுருதியில் மோதவும் அதுதான் வசதி.

ஆகவே நாலு கட்டையில் மேல் ஷட்ஜத்தைக் கத்தாமல் தொடுகிறவரை முருகனாகப் போடுங்கள். உயரம், நிறம் எல்லாம் அப்புறம். வள்ளியாக வருபவர் அரைக் கட்டை, ஒரு கட்டை இறங்கிக்கொள்ளலாம். அப்படி ஆள் கிடைக்கவே இல்லையா? சரி, தர்க்கத்தை ஒவ்வோர் அடியாக வெட்டாமல் நாலு நாலு அடியாகப் பிரித்துக் கொடுங்கள். நடுவில் பெட்டி ஒரு சுற்று வாசித்துச் சுருதியை மாற்றிக்கொள்ளட்டும். கொஞ்சம் வேகம் குறையும், ஆனால் யாரும் அபஸ்வரம் பாட மாட்டார்கள்.

அடுத்து ஒத்திகை. "ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாதே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். உண்மைதான். ஸ்பெஷல் நாடகம் என்றால் தொழில்முறை நடிகர்கள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் தனித்தனியாக வந்து, அன்று ராத்திரி மேடையிலேயே சந்தித்து விடியவிடிய நடிப்பார்கள். வருஷக்கணக்காக அதே பாட்டு, அதே வசனம் அவர்களுக்குள் ஊறிக் கிடக்கிறது. நமக்கு அந்த வழி சரிப்படாது. சுவாமிகளே 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபாவைத் தொடங்கியபோது சிறுவர்களைச் சேர்த்து, பாட்டும் பாடமும் சொல்லிக்கொடுத்துத்தான் மேடையேற்றினார். அமெச்சூர் குழு பின்பற்ற வேண்டியது அந்த வழியை.

போனில் ட்ராக்கைப் போட்டு ஒத்திகை பார்ப்பதும் நல்லதல்ல. பாட்டு முடிந்து வசனத்துக்கு வரும் இடத்தைக் கவனியுங்கள். நடிகர் கடைசி அடியை இரண்டாம் முறை இழுக்கும்போதே மிருதங்கக்காரர் தீர்மானத்துக்கு, அதாவது பாட்டை முடித்துவைக்கும் தாளக் கோர்வைக்குத் தயாராகிறார். பெட்டிக்காரர் நடிகரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நடிகர் அந்தப் பக்கம் லேசாகத் தலையசைத்தால் போதும், மூன்று பேரும் ஒன்றாக இறங்குவார்கள். ட்ராக்கில் பழகியவர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். வாத்தியக்காரர்களோடு சில முழு ஒத்திகைகளாவது இல்லாமல் தேதி குறிக்காதீர்கள். அந்தத் தேதியும் பங்குனி, சித்திரை, வைகாசியில் வேண்டாம். கிராமக் கோயில்களில் நாடகம் நடக்கும் காலம் அது. நல்ல கலைஞர்கள் ராத்திரி ராத்திரி எங்காவது மேடையில் இருப்பார்கள்.

விடியும்வரை நடக்கும் நாடகத்தை மூன்று மணி நேரத்துக்குள் சுருக்கியாக வேண்டும். திறந்த வெளியில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விதிவிலக்கு வேண்டுமென்றால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதனால் ஆறரைக்கே தொடங்கிவிடுங்கள். சுருக்கும்போது பாட்டை வெட்டி வசனத்தை வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. பாட்டுதான் கதையை நகர்த்துகிறது. நாரதரின் நீண்ட விளக்கங்கள், மேற்கோள்கள், திரும்பத் திரும்பப் பாடும் அடிகள், இவற்றில் கை வையுங்கள். வள்ளி பறவை ஓட்டும் ஆலோலம், தர்க்கம், கிழவர் வேஷம், யானை வருவது, இவற்றை விட்டால் நாடகமே இல்லை.

உரிமை பற்றிப் பயப்பட வேண்டாம். சுவாமிகள் மறைந்தது 1922-இல். ஆசிரியர் காலமாகி 60 ஆண்டுகள்வரைதான் இங்கே பதிப்புரிமை. நடுவில் சினிமாப் பாட்டைச் சொருகினால் அது வேறு கதை.

கடைசியாக பபூன், அதாவது கோமாளி வேஷம். மற்ற வேஷமெல்லாம் கொடுத்து முடித்து, மீதி இருப்பவரை பபூன் ஆக்குகிறார்கள். தனியாளாக முதலில் மேடைக்கு வந்து, கூட்டத்தை உட்கார வைத்து, அன்றைய ராத்திரிக்கே சூடேற்றுகிறவர் அவர். பாடத் தெரிய வேண்டும், தாளம் தவறக் கூடாது, எதிரே இருப்பவர்களைப் பார்த்து அந்த நிமிஷத்தில் பேசவும் வேண்டும். டிவி காமெடியை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் கூட்டம் போனை எடுத்துவிடும். உங்கள் குழுவில் இருப்பவர்களில் கெட்டிக்காரருக்கு அந்த வேஷத்தைக் கொடுங்கள். வாத்தியக்காரர்களோடு அவருக்கென்று தனியாக ஒரு ஒத்திகையும் வையுங்கள்.