ஓப்பன் ஆக்சஸ் கட்டுரை: பணம் கட்டிய பிறகு புரிகிற தவறுகள்

போன மாதம் ஆய்வு மாணவர் ஒருவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். முதல் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டதாம். அடுத்த மூச்சிலேயே, "பில் வந்தால் யாருக்கு அனுப்பணும் சார்?" என்றார். என்ன பில் என்று மின்னஞ்சலை வாங்கிப் பார்த்தால், பல வருடங்களுக்கு முன் நான் விழுந்த அதே குழி. அதனால்தான் இதை எழுதுகிறேன். போலி இதழ்களிடம் ஏமாறாதீர்கள் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். ஓப்பன் ஆக்சஸில், அதாவது யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி கட்டுரையை வெளியிடும்போது, நல்ல இதழ்களிடமே காசை விடுவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

ஓப்பன் ஆக்சஸ் என்றாலே பணம் என்று நினைப்பது

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சந்தா இதழ் ஒன்று என் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. வாழ்த்து மின்னஞ்சலுக்குக் கீழே ஒரு கேள்வி: "உங்கள் கட்டுரையை அனைவரும் படிக்கும்படி வெளியிட விரும்புகிறீர்களா?" யாராவது வேண்டாம் என்பார்களா? ஆய்வுக்கு நிதி தந்தவர்களும் திறந்தமுறையில் வெளியிடச் சொல்லியிருந்தார்கள். ஆம் என்று அழுத்தினேன். 2,800 டாலருக்கு பில் வந்தது. நிதி தந்த அமைப்புக்கு அனுப்பினால், 'ஹைப்ரிட் இதழ்களுக்கான கட்டணத்தை நாங்கள் ஏற்பதில்லை' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் எங்கள் துறையின் அடுத்த வருடப் பயணச் செலவுப் பணத்தில் கைவைத்துத்தான் கட்டினோம். சக ஊழியர் ஒருவருக்கு மாநாட்டுக்குப் போக முடியாமல் போனது. அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

ஹைப்ரிட் என்பது சந்தா இதழுக்குள்ளேயே, பணம் கட்டிய கட்டுரைகளை மட்டும் திறந்துவிடும் ஏற்பாடு. ஸ்பிரிங்கர் 2004ல் 'ஓப்பன் சாய்ஸ்' என்று கட்டுரைக்கு 3,000 டாலர் வைத்தது, பிறகு பெரிய பதிப்பகங்கள் எல்லாமே அந்த வழிக்கு வந்தன. இதில் என்ன உறுத்தல் என்றால், அதே இதழுக்கு எங்கள் நூலகம் சந்தாவும் கட்டிக்கொண்டிருந்தது. எழுதியவரிடமும் வாங்கியாயிற்று, படிப்பவரிடமும் வாங்கியாயிற்று. இந்த இரட்டை வசூலைச் சொல்லித்தான், 2018ல் பிளான் எஸ் (தாங்கள் நிதி தரும் ஆய்வுகளைத் திறந்தே வெளியிட வேண்டும் என்ற திட்டம்) அறிவித்த நிதி அமைப்புகள் ஹைப்ரிட் கட்டணத்துக்குக் கதவைச் சாத்தின. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பும் ஹைப்ரிட் கட்டணத்தை ஏற்பதில்லை.

இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம் வேறு. அந்தப் பணத்தைக் கட்டவே தேவை இருக்கவில்லை. சக ஆய்வாளர் மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட வரைவை, 12 மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் இலவசமாக ஏற்றலாம் என்று அந்த இதழின் விதியிலேயே இருந்தது. நிதி தந்தவர்களுக்கு அதுவே போதுமாம். ஓப்பன் ஆக்சஸ் இயக்கத்துக்கு அடிப்படையான, 2002ல் வந்த புடாபெஸ்ட் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், அது சொல்லும் முதல் வழியே ஆசிரியர்கள் தாங்களாகக் களஞ்சியத்தில் ஏற்றுவதுதான். இதழ்களுக்குப் பணம் எங்கிருந்து வரலாம் என்ற பட்டியலில் ஆய்வாளரின் பங்களிப்பு கடைசியில்தான் வருகிறது. இயற்பியல்காரர்கள் 1991லிருந்து ஆர்கைவ் (arXiv) என்ற இணையக் களஞ்சியத்தில் காசில்லாமல் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாம்தான் கடைசியில் இருந்ததை முதலில் பிடித்துக்கொண்டோம்.

கட்டணமும் சும்மா இருக்கவில்லை. 2003ல் பிளாஸ் பயாலஜி என்ற திறந்த இதழ் தொடங்கியபோது கட்டுரைக்கு 1,500 டாலர். 2021ல் நேச்சர் இதழ் திறந்த வெளியீட்டுக்கு வைத்தது 9,500 யூரோ. கட்டுவது ஆய்வு நிதி, பேர் கிடைப்பது எழுதியவருக்கு. இதில் யார் உட்கார்ந்து விலையை ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

சரி, அந்த மாணவர்? அவர் இன்னும் எதையும் அழுத்தியிருக்கவில்லை. சந்தா வழியிலேயே வெளியிடச் சொல்லி, ஏற்கப்பட்ட வரைவைக் களஞ்சியத்தில் போட்டோம். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். காத்திருப்புக் காலத்தையே ஏற்காத நிதி அமைப்புகள் இப்போது உண்டு. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிதி அமைப்பான என்ஐஹெச் 2008ல் 12 மாத அவகாசம் தந்தது. 2025 ஜூலை முதல் அதையும் எடுத்துவிட்டது. இதழ் விதியையும் நிதி விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், அதுவும் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால்.

ஜிமெயில் முகவரியில் அனுப்புவது

சிரிக்காதீர்கள், இதில் ஆயிரக்கணக்கில் போகிறது. சந்தாவையும் வெளியீட்டுக் கட்டணத்தையும் சேர்த்து நூலகங்கள் பதிப்பகங்களோடு ஒப்பந்தம் போடுகின்றன. 2019ல் ஜெர்மனியின் டீல் கூட்டமைப்பு வைலி பதிப்பகத்தோடு போட்டது பிரபலம். அப்படி ஒப்பந்தம் இருந்தால் உங்கள் கட்டணத்தை நூலகம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அது பெரும்பாலும் தொடர்புக்குரிய ஆசிரியர் (இதழோடு கடிதப் போக்குவரத்தைப் பார்ப்பவர்) எந்த நிறுவனம் என்பதை வைத்துத்தான் முடிவாகிறது. சொந்த மின்னஞ்சலைக் கொடுத்தால் அமைப்பு உங்களை அடையாளம் காணாமல் பில்லை நேராக உங்களுக்கே அனுப்பிவிடும். நான்கு பேர் சேர்ந்து எழுதினால், ஒப்பந்தம் உள்ள நிறுவனத்துக்காரரை அந்த இடத்தில் வைக்க முடியுமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அவர் உண்மையிலேயே அந்தப் பொறுப்பைச் செய்பவராக இருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

கட்டண விலக்கைக் கடைசியில் கேட்பது

கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி, பல பதிப்பகங்களில் கட்டுரையை அனுப்பும்போதே கேட்க வேண்டும். ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் கதை முடிந்தது.

உரிமத்தைப் படிக்காமல் டிக் அடிப்பது

மற்றவர்கள் கட்டுரையை வைத்து வணிகம் செய்யக் கூடாது, அதை மாற்றவும் கூடாது என்கிற உரிமம்தான் பாதுகாப்பு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதைத் தேர்ந்தால் வணிக உரிமை உங்களிடம் தங்காமல் பதிப்பகத்துக்குப் போகிற ஒப்பந்தங்கள் இருக்கின்றன. நீங்கள் காசு கட்டுகிறீர்கள், விற்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு. பிளான் எஸ் அமைப்புகள் பொதுவாகக் கேட்பது, எழுதியவர் பெயரைச் சொன்னால் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்கிற சிசி-பை உரிமம். தவறானதை டிக் அடித்துவிட்டு, வெளியான பிறகு மாற்றக் கெஞ்சியவர்களை எனக்குத் தெரியும்.

திட்டம் முடிந்தபின் வருகிற பில்

கட்டுரை மெதுவாகத்தான் வரும். திட்டத்தின் நிதிக் கணக்கு அதற்குள் மூடப்பட்டிருக்கும்.

டைமண்ட் இதழா என்று முகம் சுளிப்பது

எழுதுபவரிடமும் வாங்காமல் படிப்பவரிடமும் வாங்காமல் நடக்கிற இதழ்கள் இவை. பல்கலைக்கழகங்களும் சங்கங்களும் செலவை ஏற்கின்றன. உலகில் 17,000 முதல் 29,000 வரை இருக்கலாம் என்று 2021ல் ஓர் ஆய்வு கணித்தது. லத்தீன் அமெரிக்காவில் சைலோ (SciELO) என்ற இணைய இதழ்த் தொகுப்பு தொண்ணூறுகளிலிருந்தே இலவச வாசிப்பை வழக்கமாக்கி வைத்திருக்கிறது. காசு வாங்கவில்லை என்றால் தரமில்லை என்பது பதிப்பகங்களின் விற்பனைப் பேச்சு என்பேன். அவற்றிலும் மோசமானவை உண்டுதான், இரண்டு இதழைத் திறந்து படித்தால் தெரிந்துவிடும்.

ஏற்கப்பட்ட வரைவைத் தொலைப்பது

களஞ்சியம் பெரும்பாலும் கேட்பது அந்தக் கோப்பைத்தான், இதழ் அச்சுக்கோத்துத் தருகிற பிடிஎஃப்பை அல்ல. என்னுடையது எந்தப் பழைய லேப்டாப்பில் போனது என்று இன்னும் தெரியவில்லை.