வேனைப் பார்த்ததும் ஏன் எழுந்து போய்விடுகிறார்கள்? வீடற்ற பெண்களுக்கு இரவில் உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கே.ஆர். மார்க்கெட், கலாசிபாளையம், சிவாஜிநகர், மெஜஸ்டிக். பெங்களூரில் இரவு பதினோரு மணிக்கு மேல் இந்தப் பக்கம் போனால், மூடிய கடை வாசலில் மூட்டையைத் தலைக்கு வைத்து முடங்கியிருக்கும் பெண்களைப் பார்க்கலாம். "எந்த ஊரும்மா?" என்று கேட்டால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை என்று பதில் வரும். அதனாலேயே நம் ஆட்கள் போர்வையும் சாப்பாடுமாகக் குழு சேர்ந்து கிளம்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் திரும்பி வந்து, "காப்பகத்துல இடம் இருக்குன்னு கூப்பிட்டா வர மாட்டேங்குறாங்க, ரோடுதான் பிடிச்சிருக்கு போல" என்கிறார்கள். ரோடு யாருக்கும் பிடிக்காது. உள்ளே வந்தால் எதெல்லாம் கையைவிட்டுப் போகும் என்று அந்தப் பெண்ணிடம் ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் கேட்காமல் வேனை எடுத்துக்கொண்டு போவதுதான் நம் முதல் தவறு.

அந்த வேனையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் 1975-ம் ஆண்டின் பிச்சையெடுப்புத் தடைச் சட்டம் இருக்கிறது. பிச்சையெடுப்பவரைப் பிடித்துக் கொண்டுபோய் மையத்தில் அடைக்க அது வழி செய்கிறது. மாகடி ரோட்டில் உள்ள அந்த மையத்தை ஊரே 'பெக்கர்ஸ் காலனி' என்றுதான் சொல்கிறது. நள்ளிரவில் ஒரு வண்டி நிற்கிறது, நாலு ஆண்கள் இறங்குகிறார்கள், முகத்தில் டார்ச் அடித்து "வாங்க, நல்ல இடத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்கிறார்கள். படுத்திருக்கும் பெண் என்னவென்று நினைப்பார்? முதல் சில நாட்கள் சாயங்காலமே போங்கள். குழுவில் பெண்கள் முன்னால் நிற்கட்டும். டீ வாங்கிக் கொடுத்துப் பேசிவிட்டு வந்துவிடுங்கள், யாரையும் எங்கும் அழைக்க வேண்டாம். போர்வை கொடுக்கும்போது போட்டோ எடுக்கும் பழக்கத்தைப் பற்றி என்ன சொல்வது? தன் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று ஒளிந்து வாழ்கிறவரும் அங்கே இருப்பார்.

அடுத்தது, காப்பகம் இருக்கும் இடமும் அதன் நேரமும். கே.ஆர். மார்க்கெட்டில் பூ வியாபாரம் விடிவதற்கு முன்பே சூடுபிடித்துவிடும். பூக்கட்டவும், மூட்டை இறக்கவும், கூட்டிப் பெருக்கவும் ஆள் தேவைப்படும் நேரம் அது. பத்து கிலோமீட்டர் தள்ளிப் படுக்கை கொடுத்தால் அந்தக் கூலி போய்விடும். பெண்களுக்குப் பஸ் இலவசம்தானே என்பீர்கள். 2023-ல் வந்த சக்தி திட்டம் கர்நாடக முகவரி உள்ளவர்களுக்குத்தான். தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்க வேண்டும். ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டுவதும், காலை ஆறு மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்புவதும் இதே ரகம். மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த வழிகாட்டுதல், காப்பகம் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றும், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும் என்றும் சொல்கிறது. ரோட்டில் படுக்கும் பெண்கள் பலர் பயத்தில் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டுப் பகலில்தான் கண்ணயர்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாசலிலேயே ஆதார் கேட்பது இன்னொன்று. காகிதம் தொலைந்ததும் ஒரு காரணமாகத்தானே அவர் ரோட்டில் நிற்கிறார்? முதலில் படுக்கட்டும். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை வைத்தே பின்னால் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம்.

இனி சொல்லப்போவது தமிழ் பேசும் நம்மிடம் கூடுதலாகவே உள்ள தவறு. நானும் செய்திருக்கிறேன். நம் பாஷை காதில் விழுந்ததும் உரிமை வந்துவிடுகிறது. "அக்கா, ஊருக்குப் போயிடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று ஆரம்பித்துவிடுவோம். ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்து நம்பர் வாங்கி, அவர் அண்ணனுக்கு நானே போன் போட்டேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. மறுநாள் அவர் அந்த இடத்தில் இல்லை. பக்கத்தில் படுத்திருந்த பாட்டிதான் சொன்னார்: "அந்த அண்ணன் அடிச்ச அடிக்குத்தான் அவ பஸ் ஏறி இங்க வந்தா, கண்ணு." அந்தப் பெண்ணே வாய்விட்டுக் கேட்டாலொழிய வீட்டுக்குத் தகவல் சொல்லாதீர்கள். அடி, மிரட்டல் என்று தெரிந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். சகி எனப்படும் அரசின் ஒன் ஸ்டாப் சென்டரில் ஐந்து நாள் வரை தங்க இடமும், மருத்துவ, சட்ட உதவியும் உண்டு. ஐந்து நாளுக்குப் பிறகு எங்கே என்பதை முதல் நாளே அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். இது பலருக்கு ஐந்தாம் நாள்தான் ஞாபகம் வருகிறது.

கூட மகன் இருந்தால்? பத்துப் பன்னிரண்டு வயசுப் பையனைப் பெண்கள் காப்பகத்தில் சேர்க்கவில்லை என்றால் அம்மாவும் உள்ளே போகமாட்டார். அழைப்பதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தனக்குத்தானே பேசிக்கொண்டு, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரிகிறவர்களைக் கண்டால் பெக்கர்ஸ் காலனிக்குச் சொல்லிவிடலாம் என்பார்கள். வேண்டாம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 100-ம் பிரிவு, இப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் கடமையைப் போலீஸுக்குத் தருகிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. அவசர உதவி எண் 112-க்கு அழைத்துப் பேசும்போது இந்தப் பிரிவைச் சொல்லியே கேளுங்கள். முடிந்தால் ஒரு பெண் தன்னார்வலர் ஆஸ்பத்திரி வரை கூடப் போகட்டும்.

அப்புறம், நீங்களே இடம் பார்த்துக் காப்பகம் தொடங்குவதாக இருந்தால், கட்டில் எத்தனை என்பதற்கு முன்னால் தெருமுனையிலிருந்து வாசல் வரை விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும். மூட்டையை வைக்க ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி வேண்டும். சாவி அவரிடமே இருக்கட்டும். மாதவிடாய்த் துணியைக் கூச்சமில்லாமல் காயப்போட, ஆண் வாட்ச்மேன் கண்ணில் படாத வெயில் பக்கத்தில் ஒரு கொடி கட்டுங்கள்.